பாய்மரப் படகின் கழிப்பறை: கைப்பம்பா, மின்மோட்டாரா?

பத்து மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகில் பெரும்பாலும் ஒரே ஒரு கழிப்பறைதான் இருக்கும். அது நடுவழியில் நின்றுவிட்டால், காற்று எவ்வளவு சாதகமாக வீசினாலும் அருகிலுள்ள துறைக்குத் திரும்ப வேண்டியதாகிவிடும். ஆகையால் கையால் பம்ப் அடிக்கும் கழிப்பறையை வாங்குவதா, பொத்தானை அழுத்தினால் மோட்டார் வேலை செய்வதை வாங்குவதா என்ற கேள்விக்கு விலைப்பட்டியலை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. கோப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கும் குழாய், அதற்குள் வரும் தண்ணீர், கழிவு போய்ச் சேரும் தொட்டி ஆகிய மூன்றும்தான் பாதி முடிவைத் தீர்மானிக்கின்றன. மீதிப் பாதியை அந்தப் படகில் ஏறப்போகும் மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள்.

எங்கள் படகு 32 அடி நீளமுள்ளது, 1984-இல் கட்டப்பட்டது. சியாட்டிலில் நிறுத்தி வைத்து, கோடையில் பியூஜெட் சவுண்ட் என்ற உள்கடலிலும் வடக்கே சான் வான் தீவுகளிலும் ஓட்டுகிறோம். எட்டு ஆண்டுகள் கைப்பம்புக் கழிப்பறையோடு வாழ்ந்துவிட்டு, பின்னர் நன்னீரில் இயங்கும் மின்கழிப்பறைக்கு மாறினோம். இரண்டையும் என் கையாலேயே கழற்றி மாட்டியிருக்கிறேன் என்பதால், இரண்டின் நன்மைகளையும் தொல்லைகளையும் ஓரளவு நெருக்கமாக அறிவேன்.

வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவை

முதலில் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கோப்பையிலிருந்து கழிவுத் தொட்டி வரை செல்லும் குழாயின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். கைப்பம்புக் கழிப்பறைகளின் வெளியேற்றக் குழாய் வழக்கமாக 38 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்டது. அந்த விட்டத்தில் ஒரு மீட்டர் குழாய்க்குள் ஏறக்குறைய 1.1 லிட்டர் தண்ணீர் நிற்கும். குழாய் மூன்று மீட்டர் நீளம் என்றால், கோப்பையிலிருந்து கிளம்பிய கழிவு தொட்டியைப் போய்ச் சேர 3.4 லிட்டர் தண்ணீரைத் தள்ளியாக வேண்டும். கோப்பை சுத்தமாகிவிட்டதே என்று பாதியில் நிறுத்துபவர் கழிவைக் குழாயிலேயே விட்டுவிடுகிறார். நாற்றத்திற்கும் அடைப்பிற்கும் அதுவே தொடக்கம். கழிவை அரைத்துத் தள்ளும் மின்கழிப்பறைகள் பலவற்றுக்கு 25 மில்லிமீட்டர் குழாயே போதும். அதில் மீட்டருக்கு அரை லிட்டர்தான் நிற்கும் என்பதால் அதே மூன்று மீட்டர் தூரத்தை ஒன்றரை லிட்டரில் கடந்துவிடலாம்.

இந்தக் கணக்கைக் கழிவுத் தொட்டியின் கொள்ளளவோடு சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். எங்கள் தொட்டி 60 லிட்டர். ஒவ்வொரு முறையும் நான்கு லிட்டர் சென்றால் 15 முறையில் அது நிரம்பிவிடும். இரண்டு லிட்டர் சென்றால் 30 முறை தாங்கும். இருவர் வார இறுதியில் இரண்டு நாள் தங்கிவருவதற்கும், அதே இருவர் நான்கு நாள் தீவுகளில் சுற்றிவருவதற்கும் இடையிலுள்ள தூரம் அதில் அடங்கியிருக்கிறது. தொட்டியைப் பெரிதாக்க இடம் இல்லாத பழைய படகுகளில், குறைந்த தண்ணீரில் வேலை செய்யும் கழிப்பறையை வாங்குவது தொட்டியையே பெரிதாக்கியதற்குச் சமம்.

தொட்டியைத் தவிர்த்துவிட்டு நேராகக் கடலில் விடலாமே என்று நினைப்பவர்கள் தங்கள் கடற்பகுதியின் சட்டத்தை முதலில் படிக்க வேண்டும். அமெரிக்காவில் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை வெளியேற்றுவது குற்றம். பியூஜெட் சவுண்டில் 2018 மே மாதத்திலிருந்து, சுத்திகரித்த கழிவைக்கூட வெளியேற்றத் தடை உள்ளது. தொட்டிக்கும் கடலுக்கும் இடையே திருப்பிவிடும் வால்வு இருந்தால், கடல் பக்கத்தை மூடி, கழற்ற முடியாத பட்டையாலோ பூட்டாலோ கட்டி வைத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் புதிய உல்லாசப் படகுகளின் கழிப்பறை, தொட்டியோடோ சுத்திகரிப்புக் கருவியோடோ மட்டுமே இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. சிப்பியும் மட்டியும் பொறுக்கி உண்ணும் கரைகளை உடைய உள்கடலில் இந்தத் தடை நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

கைப்பம்பு எப்படி வேலை செய்கிறது

கோப்பையின் வலப்பக்கமோ இடப்பக்கமோ நிற்கும் உருளைக்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. உருளையின் மேற்பகுதி கடல்நீரை இழுத்துக் கோப்பைக்குள் விடுகிறது. கீழ்ப்பகுதி கோப்பையில் இருப்பதை உறிஞ்சிக் குழாய்க்குள் தள்ளுகிறது. பம்பின் தலையில் ஒரு சிறிய நெம்புகோல் இருக்கும். அதை ஒரு பக்கம் திருப்பினால் தண்ணீர் வராமல் கோப்பை காலியாகும். மறுபக்கம் திருப்பினால் தண்ணீர் வந்துகொண்டே வெளியேறும். ஜாப்ஸ்கோ, ராரிட்டன் போன்ற நிறுவனங்களின் கைப்பம்புகள் பல படகுத்துறைக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் ரப்பர் வால்வுகளும் வாஷர்களும் அடங்கிய பழுதுபார்ப்புப் பெட்டியும் அதே கடையில் கிடைக்கும். ஒரு திருப்புளியும் ஒரு மணிநேரமும் இருந்தால் பம்பு முழுவதையும் பிரித்துச் சேர்த்துவிடலாம். கைப்பம்பின் மிகப்பெரிய பலம் இதுவே.

பம்பிலிருந்து கழிவு வெளியேறும் இடத்தில் வாத்தின் அலகு போன்ற ரப்பர் வால்வு ஒன்று இருக்கிறது. ஜோக்கர் வால்வு என்று பெயர். முன்னே போனதைப் பின்னே வரவிடாமல் தடுப்பது அதன் வேலை. பயன்படுத்திய சில மணி நேரம் கழித்துக் கோப்பையில் பழுப்பு நீர் ஊறி நின்றால் அந்த வால்வு தளர்ந்துவிட்டது என்று பொருள். ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுவது நல்லது, விலையும் சொற்பம்.

கைப்பம்பின் பலவீனம் மனிதக் கையோடு தொடர்புடையது. பிஸ்டன் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் காய்ந்தால் பம்பு இறுகும், கசியும். சிலிக்கான் கிரீஸை ஆண்டுக்கு ஓரிரு முறை தடவினால் மீண்டும் இலகுவாகும். எனினும் எவ்வளவு இலகுவாக்கினாலும் மூன்று மீட்டர் குழாயைக் காலி செய்ய இருபது, இருபத்தைந்து முறை அடித்தாக வேண்டும்; அதுவும் படகு ஒருபக்கம் சாய்ந்து ஓடும்போது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அடிக்க வேண்டும்.

இதே குடும்பத்தில் இன்னொரு வகையையும் சொல்லாமல் விடக் கூடாது. லாவாக் என்ற பெயரில் வரும் கழிப்பறையில் கோப்பையோடு பிஸ்டன் பம்பு இணைந்திருப்பதில்லை. மூடியை மூடிவிட்டுச் சுவரில் பொருத்திய தனிப் பம்பை அடித்தால் கோப்பைக்குள் வெற்றிடம் உண்டாகி, கழிவு வெளியே செல்லும்போதே புதிய தண்ணீரும் தானாக உள்ளே இழுக்கப்படுகிறது. கோப்பையில் தேய்ந்துபோகக்கூடிய நகரும் பாகமே இல்லை. மூடியின் ரப்பர் விளிம்பையும் பம்பின் ரப்பர் தகட்டையும் கவனித்துக்கொண்டால் போதும். கைப்பம்புக்குப் பக்கத்திலேயே ஒரு மின்பம்பையும் இணைத்து இரண்டையும் பயன்படுத்த முடியும். பெருங்கடலைக் கடக்கத் திட்டமிடுபவர் என்னிடம் கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

மின்கழிப்பறையில் உள்ள வகைகள்

மின்கழிப்பறை என்ற ஒரே பெயரில் மூன்று வேறு கருவிகள் விற்கப்படுகின்றன. முதலாவது, கைப்பம்பு இருந்த இடத்தில் மோட்டாரைப் பொருத்திய கோப்பை. அதே மோட்டார் கடல்நீரையும் இழுக்கிறது, கழிவையும் அரைத்துத் தள்ளுகிறது. இருக்கும் கோப்பையையே வைத்துக்கொண்டு மாற்றிக்கொள்ளலாம் என்பதால் செலவு குறைவு. ஆனால் அதன் இரைச்சலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அமைதியான நங்கூரத்துறையில் நள்ளிரவில் ஒருவர் எழுந்தால் அனைவரும் எழுந்துவிடுவார்கள். இரண்டாவது, படகின் நன்னீர்த் தொட்டியிலிருந்து அழுத்தத்தில் வரும் தண்ணீரைப் பயன்படுத்தி, கோப்பைக்கு அடியில் உள்ள மோட்டாரால் அரைத்து வெளியேற்றுவது. இது சத்தம் குறைந்தது, தண்ணீரும் குறைவாகவே எடுக்கும். மூன்றாவது, வெற்றிடப் பம்பும் அதற்கான கலனும் கொண்ட அமைப்பு. தண்ணீர் மிகக் குறைவாகச் செலவாகும். ஆனால் குழாயில் எங்காவது சிறு கசிவு இருந்தாலும் பம்பு அடிக்கடி தானே ஓடத் தொடங்கும் என்பதால், பெரிய படகுகளுக்கே இதைப் பரிந்துரைப்பேன்.

மின்சாரம் தீர்ந்துவிடுமே என்ற அச்சம் பலரிடம் இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விதமாகத் தெரிகிறது. 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் ஒருமுறைக்கு 15 வினாடி ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், செலவாவது 0.08 ஆம்பியர்-மணி மட்டுமே. ஒரு நாளில் இருபது முறை இயக்கினாலும் இரண்டு ஆம்பியர்-மணியைத் தாண்டாது. படகின் சிறிய குளிர்பெட்டி அதைப் போலப் பல மடங்கு எடுத்துக்கொள்கிறது.

கவலைப்பட வேண்டியது கம்பியைப் பற்றித்தான். மின்கலத்திலிருந்து கழிப்பறை ஆறு மீட்டர் தள்ளியிருந்தால் போகவும் வரவும் 12 மீட்டர் கம்பி தேவை. 6 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 20 ஆம்பியர் ஓடும்போது 0.7 வோல்ட் வழியிலேயே இழக்கப்படுகிறது. 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அந்த இழப்பு கால் வோல்ட்தான். வோல்ட் குறைந்த மோட்டார் மெதுவாகச் சுற்றி, அரைக்க முடியாமல் திணறி, மேலும் அதிகமாக மின்சாரம் இழுத்துச் சூடாகும். எங்கள் மோட்டாருக்கு முதலில் மின்இணைப்பு மட்டும் கொடுக்க வந்தவர் பழைய விளக்குக் கம்பியிலேயே இணைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது வாரத்தில் ஃபியூஸ் போனபோது கம்பியைத் தொட்டுப் பார்த்தேன்; அதன் உறை இளகி விரலில் ஒட்டியது. தீப்பிடிக்காமல் தப்பியது எங்கள் நல்ல காலம். ஆகவே மின்கழிப்பறையின் விலையோடு தடித்த கம்பிக்கும் உரிய ஃபியூஸுக்கும் ஆகும் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

அரைக்கும் கத்திக்கு எதிரிகள் பல. பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல், நீளமான தலைமுடி, ஈரத் துடைப்பான், சானிட்டரி நாப்கின் ஆகியவற்றில் எது விழுந்தாலும் கத்தியில் சுற்றிக்கொண்டு மோட்டார் நின்றுவிடும். கைப்பம்பும் இவற்றால் அடைபடும். ஆனால் கை இறுகுவதை உணர்ந்து நிறுத்திவிட முடியும். பொத்தானை அழுத்துபவருக்கு அந்த உணர்வு கிடைப்பதில்லை.

கடல்நீரா, நன்னீரா

கைப்பம்பா, மோட்டாரா என்பதைவிட இந்தக் கேள்வியே கழிப்பறையின் மணத்தைத் தீர்மானிக்கிறது. உள்ளே வரும் குழாயில் தேங்கும் கடல்நீரில் உள்ள நுண்ணுயிர்கள் இறந்து அழுகும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. ஒரு வாரம் பூட்டிக் கிடந்த படகில் முதல் முறை பம்ப் அடித்ததும் முகத்தில் அறையும் நாற்றம் மனிதக் கழிவினுடையது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அது பெரும்பாலும் கடல்நீரினுடையது.

இன்னொரு பக்கம், கடல்நீரும் சிறுநீரும் கலக்கும்போது குழாயின் உட்சுவரில் சுண்ணாம்புப் படிவு ஏறுகிறது. எட்டாம் ஆண்டில் எங்கள் வெளியேற்றக் குழாயைக் கழற்றியபோது, 38 மில்லிமீட்டர் வாயில் என் கட்டைவிரல் மட்டுமே நுழைந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில், பழைய தண்ணீர்த் தவலையின் அடியில் படிவதைப் போல அடுக்கடுக்காக இறுகியிருந்தது. துறையின் மரப்பலகையில் குழாயை ஓங்கி அடித்தபோது சிப்பி ஓடுகளைப் போலச் சில்லுச்சில்லாக உதிர்ந்தது. அதுவரை பம்பு இறுகியதற்கு நாங்கள் மாற்றிய ரப்பர் வளையங்களுக்கெல்லாம் தேவையே இருந்திருக்கவில்லை.

கடல்நீரிலேயே தொடர விரும்புபவர் மாதம் ஒருமுறை ஒரு லிட்டர் வெள்ளை வினிகரைக் குழாய்க்குள் ஏற்றி, இரவு முழுவதும் ஊறவிட்டால் படிவு ஏறுவது தாமதமாகும். வினிகரையோ வேறு அமிலத்தையோ பயன்படுத்தும்போது பிளீச்சை அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு உண்டாகும், படகின் கழிப்பறை போன்ற அடைபட்ட இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. படகை விட்டுக் கிளம்பும் முன் உள்வரும் வால்வை மூடிவிட்டு, கோப்பையில் நன்னீரை ஊற்றி வெளியேற்றி, குழாயில் நன்னீர் நிற்கும்படி விட்டுச் செல்வதும் பயன் தரும்.

நன்னீர் வசதி வேண்டும் என்பதற்காக, கடல்நீருக்கென்று செய்யப்பட்ட கழிப்பறையைக் குடிநீர்க் குழாயோடு நேராக இணைத்துவிடக் கூடாது. ஒரு வால்வு பழுதானால் கழிவின் கிருமிகள் குடிநீர்த் தொட்டி வரை சென்றுவிடும். நன்னீருக்கென்றே செய்யப்பட்டவற்றில் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் அமைப்பு உண்டு. நன்னீர்த் தொட்டி 150 லிட்டருக்குக் குறைவாக இருந்து, பல நாள் கரையேறாமல் ஓட்டுபவராகவும் இருந்தால், ஒரு நாளைக்கு 30, 40 லிட்டரைக் கழிப்பறைக்குக் கொடுக்க முடியாது. அவருக்குக் கடல்நீரும் கைப்பம்புமே பொருத்தம்.

யார் பயன்படுத்தப் போகிறார்கள்

நாங்கள் மாறியதற்குக் காரணம் தொட்டியோ குழாயோ அல்ல, என் அம்மா. மதுரையிலிருந்து கோடைக்கு வந்திருந்தவரைச் சான் வான் தீவுகளில் ஒன்றான சூசியாவுக்கு அழைத்துச் சென்றோம். இரண்டாம் நாள் காலையில் அவர் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டார். முதல் நாள் இரவிலும் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மூட்டுவலி உள்ள விரல்களால் பம்பின் பிடியை இறுகப் பற்ற முடியவில்லை. மகனையோ மருமகளையோ வந்து அடித்துத் தரச் சொல்வதற்கும் மனம் வரவில்லை. ஆகவே கழிப்பறைக்குப் போக வேண்டியிராதபடி தண்ணீரையே குறைத்துக்கொண்டிருக்கிறார். எழுபது வயதைக் கடந்தவருக்கு அது எவ்வளவு தீங்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு அவர் வருவதற்கு முன் மின்கழிப்பறையைப் பொருத்திவிட்டேன். படகில் வயதானவர்களோ சிறு குழந்தைகளோ கருவுற்ற பெண்களோ அடிக்கடி ஏறுவார்கள் என்றால், மற்ற கணக்குகளையெல்லாம் ஓரளவு ஒதுக்கிவிட்டு மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள்.

காகிதத்திற்குப் பதிலாகத் தண்ணீரால் கழுவிக்கொள்ளும் நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கும் உண்டு. காகிதம் விழாததால் இரு வகைக் கழிப்பறைகளிலும் அடைப்பு வெகுவாகக் குறையும். ஆனால் ஒவ்வொரு முறையும் அரை லிட்டரோ ஒரு லிட்டரோ கழிவுத் தொட்டிக்குக் கூடுதலாகச் செல்லும். கைத்தெளிப்பான் வைத்துக்கொண்டால் ஒரு குவளையில் ஆகும் செலவில் பாதிதான் ஆகும் என்பது எங்கள் வீட்டு அனுபவம்.

பொருத்தும்போது

எந்த வகையானாலும் கோப்பையின் விளிம்பு படகின் நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே இருந்தால், சைஃபன் விளைவால் கடல்நீர் தானாக உள்ளே ஏறிக்கொண்டே இருக்கக்கூடும். கட்டியிருந்த இடத்திலேயே படகுகள் இப்படி மூழ்கியிருக்கின்றன. இதைத் தடுக்கக் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி வளைத்து, வளைவின் உச்சியில் காற்று புகும் வால்வைப் பொருத்துவார்கள். படகு ஓடும்போது எவ்வளவு சாய்ந்தாலும் அந்த வளைவு நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது 15, 20 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். கைப்பம்பில் உள்வரும் தண்ணீருக்கான வளைவைப் பம்புக்கும் கோப்பைக்கும் இடையில் அமைக்க வேண்டும். கடல்நீர் உள்ளே வரும் வால்வுக்கும் பம்புக்கும் இடையில் வைத்தால் பம்பு காற்றை இழுக்கும், தண்ணீர் வராது. நன்னீர்க் கழிப்பறையில் கடலிலிருந்து உள்ளே வரும் துளையே தேவையில்லை என்பதால், அந்தப் பழைய துளையை அடைத்துவிட முடிந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

மோட்டாரைத் தேர்ந்தெடுத்தவர்கள் அது ஒருநாள் ஓடாமல் போகும் என்று எண்ணியே ஏற்பாடு செய்ய வேண்டும். நன்னீர் வகையில் படகின் தண்ணீர்ப் பம்பும் ஓடினால்தான் கழிப்பறையும் ஓடும் என்பதால் பழுதாகக்கூடிய இடங்கள் இரண்டாகின்றன. இறுக்கமான மூடியுள்ள ஒரு வாளியும் சில கெட்டியான பைகளும் எங்கள் படகில் எப்போதும் இருக்கின்றன. கைப்பம்பு வைத்திருப்பவர் பழுதுபார்ப்புப் பெட்டி ஒன்றையும் இரண்டு ஜோக்கர் வால்வுகளையும் வைத்துக்கொண்டால் போதும்.

எல்லாம் பொருத்தி முடித்தபின், துறையில் கட்டியிருக்கும்போதே சோதித்துவிடுங்கள். கோப்பையில் சமையல் நிறப்பொடி கலந்த தண்ணீரை ஊற்றிப் பத்து முறை தொடர்ந்து வெளியேற்றி, ஒவ்வோர் இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மிகச் சிறிய கசிவும் துணியில் நிறமாகத் தெரியும். மோட்டார் ஓடும்போது அதன் முனைகளில் வோல்ட்மீட்டரை வைத்து, மின்கலத்தில் உள்ள வோல்ட்டோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் கம்பியை மாற்றிவிட்டே கிளம்புங்கள். பிறகு படகில் வரப்போகும் ஒவ்வொருவரையும், குறிப்பாகக் கூச்சப்படுபவர்களை, ஒருமுறை தாமே இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.